வாட்டம் வாசல் பக்கம்

எங்கள் தொழிலில் வாட்டம் என்றால் புல் சாய்ந்திருக்கும் திசை. செயற்கைப் புல்லின் இழைகள் நேராக நிற்பதில்லை; எந்த விரிப்பாக இருந்தாலும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். உள்ளங்கையால் தடவினால் ஒரு திசையில் பூனை முதுகு மாதிரி வழுக்கும், எதிர்த் திசையில் முரண்டு பிடிக்கும். என் அண்ணி இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் குளியலறைகளுக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தவள். அங்கே தண்ணீர் ஓடுவதற்காகக் கொடுக்கும் சரிவுக்கு வாட்டம் என்று பெயர். அந்தச் சொல்லைக் கையோடு கொண்டுவந்து புல்லுக்கும் வைத்துவிட்டாள். நான் அவளிடமிருந்து பிடித்துக்கொண்டேன். மற்றவர்களுக்கு வாட்டம் என்றால் என்ன என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அதனால் வந்ததை வரிசையாக எழுதுகிறேன். மாலை வகுப்பில் கட்டட வரைபடம் சொல்லித்தரும் ஆசிரியை, ஒரு நாள் வேலையைத் தப்போடு சேர்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். தப்பை அழித்துவிட்டுக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவாராம்.

திங்கட்கிழமை மத்தியானம் ஒரு அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். வாடகை வீடு, முன்முற்றம் முழுக்கச் செயற்கைப் புல். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்துக்கொள்ள, அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி முற்றத்தில் வைத்துவிட்டாராம்.

"சாக்கடை மூடி மேல வைக்கணும்னுதாங்க ஓடினேன். அது சிமெண்டு, ஒண்ணும் ஆகாது. பதட்டத்துல அரை அடி தள்ளி வச்சுட்டேன்."

"கைக்கு ஒண்ணும் ஆகலையே அக்கா?"

"கை நல்லாத்தான் இருக்கு. சட்டிய எடுத்தா புல்லும் கூடவே வருது, பாகு மாதிரி."

என் நோட்டில் முதல் பக்கத்தில் பன்னிரண்டு கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன். யார் கூப்பிட்டாலும் அதே வரிசையில் கேட்பேன். எத்தனை வருஷப் புல், இழை எவ்வளவு உயரம், கீழே என்ன தரை. ஏழாவது கேள்வி வாட்டம்.

"வாட்டம் எந்தப் பக்கம்க்கா?"

அவர் போனோடு வெளியே நடந்து போகும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வாசல் பக்கந்தாங்க வாட்டம். வீட்டுப் பக்கம் அவ்வளவா இல்ல."

'வாட்டம்: வாசல் பக்கம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்த 'அவ்வளவா' என்ற சொல் என்னை உறுத்தியிருக்க வேண்டும். சாய்வுக்கு அவ்வளவு இவ்வளவு கிடையாது. பெரும்பாலான வீடுகளில் புல் வீட்டைப் பார்த்துச் சாயும்படிதான் போடுவார்கள், உள்ளிருந்து பார்க்கும்போது அடர்த்தியாகத் தெரியட்டும் என்று. இதுவும் எனக்குத் தெரியும். ஆனால் நான் சந்தேகப்பட்டது என் அறிவை, குறிப்பைச் சந்தேகப்படவில்லை.

பன்னிரண்டு கேள்வியும் முடிந்த பிறகு அந்த அக்கா ஒரு விஷயம் சொன்னார். குரல் இறங்கிவிட்டது.

"வர்ற வியாழக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்காரர் வர்றாருங்க. ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. வீட்டையே கொளுத்தப் பாத்தீங்கன்னு குதிச்சாரு. எரிஞ்ச இடமே தெரியாத மாதிரி பண்ணிடறோம்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அப்படியே பிடிச்சுக்கிட்டாரு. 'பண்ணிக் காட்டுங்க, நானே வந்து தேடறேன், கண்டுபிடிச்சேன்னா வேற வீடு பாத்துக்கங்க'ன்னுட்டாரு."

"அவருக்குக் கண்ணு ரொம்பக் கூர்மையாக்கா?"

"முப்பது வருஷம் திரைச்சீலைக் கடை வச்சிருந்தவரு."

வேறு வீடு பார்ப்பதில் என்ன சிரமம் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். மாமனாருக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டது. அவர் ஒவ்வொரு அடியாக எண்ணி எண்ணி மறுபடி நடக்கப் பழகியது அந்தப் புல்லின் மேல்தான். படியில்லாத வீடு, மேடுபள்ளம் இல்லாத முற்றம், விழுந்தாலும் அடிபடாத தரை. ஒப்பந்தம் முடிகிறதே என்று, இதே மாதிரி இன்னொரு வீட்டை இரண்டு மாதமாகவே தேடிவிட்டார்களாம். எல்லா வீட்டுக்கும் வாசலில் மூன்று படி.

அதே ரகப் புல்லில் ஒரே ஒரு துண்டு எங்கள் கொட்டகையில் மிச்சம் இருந்தது. அந்த ரகத்தைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதனால் ஒரு தடவைதான் வெட்டலாம். வெந்த இடத்தின் அளவுக்கு, சாக்கடை மூடியின் ஓரத்தையும் சேர்த்துச் செய்தித்தாளில் வரைந்து அனுப்பச் சொன்னேன். அக்கா அழகாக வரைந்து, ஒரு பக்கம் 'வாசல்' என்று எழுதி அனுப்பியிருந்தார். மூடியைச் சுற்றிக்கொண்டு போவதால் அது சதுரமாக இல்லை. ஒரு நீளக் கை, ஒரு குட்டைக் கை, தலைகீழாக வைத்த 'ட' மாதிரி. புதன்கிழமை மேஜையில் விரித்து, தையல் வரிசைக்கு நடுவே பின்பக்கமாகக் கத்தி போட்டு, வாட்டம் வாசல் பக்கம் வரும்படி வெட்டினேன். ஒரு இழைகூடச் சிதறவில்லை. அண்ணி எடுத்துப் பார்த்துவிட்டு, "ஸ்கேலு, இதச் சட்டம் போட்டு மாட்டலாம்" என்றாள். என்னை ஸ்கேல் என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு வியாழக்கிழமை வேறு இடத்தில் பெரிய வேலை. முதல் தடவையாக நான் தனியாகப் போனேன்.

வியாழன் காலை எட்டு ஐம்பதுக்கு அந்த வீட்டு வாசலில் இருந்தேன். அக்கா கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால், நடை வண்டியைப் பிடித்துக்கொண்டு அவருடைய மாமனார் நின்றார். மெலிந்த உடம்பு, சவரம் செய்த முகம், வெளியே கிளம்புகிறவர் போல இஸ்திரி போட்ட சட்டை.

"நீதான் புல்லு டாக்டரா?"

"ஆமாங்கய்யா."

"எரிச்ச ஆள் இங்க நிக்குது. முதல்ல அதுக்கு எதாவது மருந்து இருந்தா குடு."

"மாமா, வீட்டக் காப்பாத்தினேன்ல?" என்றார் அக்கா.

"காப்பாத்தின. யாரு இல்லைன்னா? அன்னைலேர்ந்து நான் வராந்தாவுலயே குட்டி போட்ட பூனை மாதிரி சுத்திக்கிட்டு இருக்கேன். வண்டிச் சக்கரம் அந்தக் குழியில மாட்டுது."

வெந்த இடம் நான் நினைத்ததை விட மோசமாக இருந்தது. நடுவில் வட்டமாகக் கறுத்துக் கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது. எண்ணெய் சிந்திய பக்கம் ஒரு நாக்கு நீண்டிருந்தது. பாய் விரித்து, கத்திகளையும் பசை டப்பாக்களையும் வரிசையாக அடுக்கினேன். செய்தித்தாளை 'வாசல்' எழுத்து வாசலைப் பார்க்கும்படி வைத்து, மூலைகளில் ஆணி குத்தி, வெந்த பகுதியை வெட்டி எடுத்தேன். கீழே தரை நன்றாக இருந்தது. கல்தூளைச் சமன் செய்து, மட்டக்கோல் வைத்துப் பார்த்தேன். குமிழ் நடுவில் நின்றது. மணி ஒன்பது ஐம்பது. பிறகு, கொண்டுவந்த துண்டைப் பசை போடாமல் குழியில் வைத்தேன்.

பொருந்தியது. ஓரங்கள் எல்லாம் ஒட்டிப் பிறந்த மாதிரி உட்கார்ந்தன.

பசை போடுவதற்கு முன்னால் நான்கு பக்கமும் நின்று பார்ப்பது என் வழக்கம். வீட்டுப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தேன். துண்டு வெளுத்துப் பளபளவென்று இருந்தது. வாசல் பக்கம் போய்ப் பார்த்தேன். இப்போது அதே துண்டு, யாரோ ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனது போல் கறுத்துத் தெரிந்தது. குனிந்து, துண்டுக்கு வெளியே உள்ள பழைய புல்லைத் தடவினேன். கை வீட்டைப் பார்த்து வழுக்கியது. துண்டைத் தடவினேன். வாசலைப் பார்த்து வழுக்கியது.

வந்து இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை இது. கையை வைத்துப் பார்க்க இரண்டு நொடி போதும். நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருந்ததால் கையை வைக்கவில்லை.

"அக்கா, வாட்டம் வாசல் பக்கம்னுதானே சொன்னீங்க?"

"ஆமா தங்கச்சி. பாரேன், வாசல் பக்கம் வெயில் பட்டு எப்படி வாட்டமா கிடக்கு! வீட்டுப் பக்கம் நிழல் விழுது, அங்க பச்சையா இருக்கு."

நான் வாசல் பக்கத்துப் புல்லைப் பார்த்தேன். உண்மைதான். நிறம் மங்கிச் சோர்ந்து கிடந்தது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பிசகு கிடையாது.

"நான் கேட்டது சாய்வுக்கா. புல்லு எந்தப் பக்கம் சாயுதுன்னு."

"அதுக்கு வாட்டம்னா கேப்பாங்க? நான், அய்யோ பாவம், பிளாஸ்டிக்குப் புல்லு வாடுதான்னு கூட அக்கறையா விசாரிக்கிறாங்களேன்னு நினைச்சேன்!"

மாமனார் வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. "இப்ப நிஜமாவே வாட்டம் வந்துருச்சு. பொண்ணு முகத்தப் பாரு."

அக்கா சிரிக்கவில்லை. "திருப்பி வச்சா சரியாயிடாதா?"

"சதுரமா இருந்தா சரியாயிடும். இது ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. திருப்பினா குட்டைக் கை மூடி மேல போய் நிக்கும்."

"வேற துண்டு?"

"இல்லக்கா. இது ஒண்ணுதான்."

அவர் வாசல் படலைப் பார்த்தார். ஆறு மணி நேரத்தில் வீட்டுக்காரர் அதைத் திறந்துகொண்டு வருவார். வந்ததும் முதலில் கண்ணில் படுவது ஈரம் போன்ற இந்தக் கறுப்பு 'ட'வாகத்தான் இருக்கும். அண்ணி வந்திருந்தால் இறங்கியதும் கையை வைத்திருப்பாள் என்ற எண்ணம் வந்தது. அதோடு, அவள் வந்திருந்தாலும் இந்தத் துண்டு இப்படித்தான் வெட்டப்பட்டிருக்கும் என்பதும் புரிந்தது. துண்டு நேற்றே தப்பாகிவிட்டது. இன்று என்னால் மாற்ற முடிந்தது குழியை நிரப்பும் வழியை மட்டும்தான்.

நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு முற்றத்தை ஒரு சுற்று நடந்தேன். காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். முற்றம் வீட்டின் இடப்பக்கமாக ஒரு சந்தாகத் திரும்பிப் பின்பக்கம் வரை போனது. ஒரு ஆள் நடக்கும் அகலம், மேலே துணி காயப்போடும் கயிறுகள். அங்கேயும் அதே புல்தான், ஒரே உருளையின் தொடர்ச்சி. தடவினேன். வாட்டம் முற்றத்தில் இருக்கும் அதே திசைதான். இன்னும் ஒன்று கவனித்தேன். சந்தின் வாய்ப் பகுதியில் காலை வெயில் விழுந்துகொண்டிருந்தது. நான்கு வருஷ வெயிலில் அங்கே புல் எவ்வளவு வெளுத்திருந்ததோ, சாக்கடை மூடிக்குப் பக்கத்திலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வெளுத்திருந்தது.

கொட்டகையிலிருந்து கொண்டுவந்த துண்டு, வாட்டம் சரியாக இருந்திருந்தாலும் புதுப் பச்சையில்தான் இருந்திருக்கும். திரைச்சீலைக் கடைக்காரர் கண்ணுக்கு அதுவே போதும். எனக்கு வேண்டிய துண்டு இந்தச் சந்தில் இருந்தது.

"அக்கா, இங்கேர்ந்து அதே அளவு வெட்டி அங்க வைக்கிறேன். நான் கொண்டுவந்தத இங்க வைக்கிறேன். இங்க நிறம் மாறித் தெரியும். அங்க தெரியாது."

"நல்லா இருக்கிற புல்லையும் வெட்டவா? அவரு பாத்தா?"

"கேட்டா நான் சொல்லிடுவேன். என் தப்பாலதான் இது. நீங்க வாயே திறக்க வேண்டாம்."

"சொல்லுவியா?" என்று அவர் பயந்து போய்க் கேட்டார்.

"கேட்டா சொல்லுவேன். அது அவரு புல்லு."

அக்கா மாமனாரைத் திரும்பிப் பார்த்தார்.

"வெட்டச் சொல்லு," என்றார் அவர். "குழியோட இருந்தா எப்படியும் போகத்தான் போறோம். பொண்ணு தெளிவாத்தான் பேசுது."

நான் தெளிவாகப் பேசினேன் என்பதை அவர் சொன்ன பிறகுதான் கவனித்தேன். இருந்தாலும் கத்தியை எடுப்பதற்கு முன் அண்ணியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். பின்னால் சம்மட்டிச் சத்தம் கேட்டது. அண்ணி முழுவதையும் கேட்டாள்.

"வாட்டம்னு நான்தானே உனக்குச் சொல்லிக் குடுத்தேன்? பாதித் தப்பு என் கணக்குல எழுதிக்க," என்றாள். "இப்ப எதுக்குக் கூப்பிட்ட?"

"சந்துலேர்ந்து எடுக்கலாமான்னு கேக்கலாம்னு அண்ணி."

"பொய். நீ கேக்கறதுக்குக் கூப்பிடல, நான் சரின்னு சொல்றதுக்குக் கூப்பிட்டிருக்க. சரி. வை போன."

சந்தில் செய்தித்தாளை விரித்தேன். இந்த முறை முதலில் கை, பிறகு காகிதம், பிறகு கத்தி. பழைய புல்லை வெட்டுவது புதுசை வெட்டுவது போல இல்லை. இழைகளுக்கு நடுவில் நான்கு வருஷ மணலும் தூசியும் இறுகியிருக்கும். முதலில் ஊசி முனை உள்ள தூரிகையால் மணலைக் கிளறி எடுத்து ஒரு வாளியில் சேர்த்துக்கொண்டேன். அதே மணல் அதே நிறத்தோடு திரும்பப் போக வேண்டும். தையல் வரிசைகளை விரலால் எண்ணி, இரண்டு வரிசைக்கு நடுவில் இழைகளை வகிடு எடுப்பது போல் பிரித்துப் பிடித்து, மூச்சை அடக்கிக் கத்தியை இழுத்தேன். வகிடு எடுத்து வெட்டினால் எந்த இழையும் பாதியில் அறுபடாது. அறுபட்டால் ஓரம் மொட்டையாகத் தெரியும். நீளக் கைக்கு இருபது நிமிஷம் பிடித்தது. குட்டைக் கைக்கும் அவ்வளவேதான், உள்மூலை இருந்ததால்.

பதினொன்று பத்துக்கு அந்தத் துண்டை முற்றத்துக் குழியில் வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் போய்த் திரும்பினேன். எங்கே வைத்தேன் என்று எனக்கே ஒரு நொடி தேட வேண்டியிருந்தது. வாசல் பக்கமிருந்து பார்த்தேன். சாக்கடை மூடி தெரிந்தது, அதைச் சுற்றிப் புல் தெரிந்தது, வேறு எதுவும் தெரியவில்லை.

"எங்க இருந்துச்சு?" என்றார் அக்கா என் பக்கத்தில் வந்து நின்று.

"உங்களுக்கே தெரியலையா?"

"தெரியும். மூடிக்குப் பக்கத்துல. ஆனா தெரியல."

பிறகு பசை வேலை. இரண்டு டப்பாக்களையும் கலந்தால் அரை மணி நேரத்துக்குள் பரப்பிவிட வேண்டும். குழியின் ஓரங்களுக்கு அடியில் இணைப்புப் பட்டையைச் செருகி, பல் கரண்டியால் பசையை இழுத்தேன். துண்டை மேலிருந்து மெதுவாக இறக்கி, பழைய இழைகள் எதுவும் பசையில் மாட்டாமல் ஓரம் முழுவதும் விரலால் இழைகளைத் தூக்கி விட்டேன். கடைசியில் மேலே பலகை வைத்து, பலகை மேல் தண்ணீர் கேன்கள். சந்திலும் அதே வேலை. பன்னிரண்டே காலுக்கு இரண்டும் முடிந்தன. பசை பிடிக்க மூன்று மணி நேரமாவது வேண்டும், வெயில் இருந்தால். வெயில் இருந்தது.

அந்த மூன்று மணி நேரமும் நான் ஒழுங்காக உட்காரவில்லை. மாமனார் இரண்டு தடவை என்னை உள்ளே வந்து சாப்பிடச் சொன்னார். மூன்றாவது தடவை, "பலகையப் பாத்துக்கிட்டே இருந்தா பசை வெக்கப்பட்டுச் சீக்கிரம் காயுமா?" என்று கேட்டார். போய்ச் சாப்பிட்டேன்.

மூன்றரைக்குக் கேன்களை எடுத்தேன். ஓரத்தைக் கட்டைவிரலால் நிமிண்டிப் பார்த்தேன். அசையவில்லை. வாளி மணலைத் தூவி, எதிர் வாட்டத்தில் இரண்டு முறை, நேர் வாட்டத்தில் ஒரு முறை துடைப்பம் போட்டேன். சாமான்களை வண்டியில் ஏற்றினேன். அப்போதே கிளம்பியிருக்கலாம். வேலை முடிந்துவிட்டது. ஆனால் கேட்டால் சொல்லுவேன் என்று நான் சொல்லியிருந்தேன். நான் போய்விட்டால் அவர் யாரிடம் கேட்பார்?

வீட்டுக்காரர் சரியாக நாலு மணிக்கு வந்தார். குள்ளமானவர், கனத்த கண்ணாடி. வணக்கம் சொன்னார், மாமனாரின் காலைப் பற்றி இரண்டு வார்த்தை விசாரித்தார், பிறகு வேலையில் இறங்கிவிட்டார். வாசலில் நின்று பார்த்தார். மொட்டைமாடிக்குப் போகும் வெளிப்படிக்கட்டில் பாதி ஏறி மேலிருந்து பார்த்தார். இறங்கி வந்து காலணியைக் கழற்றி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சுவர் ஓரமாக ஆரம்பித்து வரிவரியாக நடந்தார். சாக்கடை மூடியைத் தாண்டினார். நின்றார். திரும்பி அதைச் சுற்றி நடந்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் மூடியை விட்டு நகர்ந்து சந்துக்குள் திரும்பினார். நாங்கள் பின்னாலேயே போனோம்.

"ஆங்!" என்றார். கையை நீட்டினார். "இந்தா இருக்கு. எரிஞ்ச இடம் இதுதான். நிறமே காட்டிக் குடுக்குதே. நான் சொல்லல, என் கண்ணுக்குத் தப்பாதுன்னு?"

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அது எரிஞ்ச இடம் இல்லீங்க," என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீ யாரும்மா?"

"வேலை பாத்த பொண்ணுங்க. இங்க நல்ல புல்லுதான் இருந்துச்சு. நான் கொண்டுவந்த துண்ட வாட்டம் மாத்தி வெட்டிட்டேன். அது முற்றத்துக்கு ஆகாம போச்சு. அதனால இங்கேர்ந்து வெட்டி அங்க வச்சுட்டு, அந்தத் துண்ட இங்க வச்சேன். உங்களக் கேக்காம வெட்டினது தப்பு. இவங்க சொல்லி வெட்டல, நானாத்தான் வெட்டினேன்."

"வாட்டம் மாத்தின்னா?"

நான் உட்கார்ந்து, அவர் கண் முன்னால் துண்டை ஒரு பக்கமும் அதற்கு வெளியே உள்ள புல்லை மறுபக்கமும் தடவிக் காட்டினேன். அவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து தடவினார். இரண்டு தடவை தடவினார்.

"வெல்வெட்டு," என்றார். "ஒரு மடிப்பு மட்டும் தலைகீழாத் தச்சா இப்படித்தான் பல்லைக் காட்டும். கடை வச்ச புதுசுல ஒரு கல்யாண மண்டபத்துக்கே தச்சு மாட்டிட்டேன். விளக்கப் போட்டதும் பாதித் திரை சிவப்பு, பாதி கறுப்பு." சொல்லிவிட்டு, இதை ஏன் சொன்னோம் என்பது போல் நிமிர்ந்துகொண்டார். "சரி, அப்ப எரிஞ்ச இடம்?"

"அது முற்றத்துல இருக்குங்க."

அவர் மறுபடி முற்றத்துக்குப் போனார். இந்தத் தடவை உட்கார்ந்து தேடினார். கையால் தடவித் தேடினார். வெயிலுக்கு எதிராகத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஓரிடத்தில் வெகுநேரம் நின்றார். அது படலுக்குப் பக்கம், நான் காலையில் பாயைக் கூட விரிக்காத இடம். பத்து நிமிஷம் ஆயிற்று. நான் எண்ணவில்லை, அக்காதான் பிறகு சொன்னார்.

"காட்டு," என்றார் கடைசியில்.

எனக்குக் காட்டத்தான் ஆசை. விரலை நீட்டி, இந்த ஓரம், இந்த உள்மூலை, இங்கே வகிடு எடுத்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆசை. இவரை விட நன்றாக இதைப் பார்க்கத் தெரிந்தவர் யாரும் இன்னொரு முறை கிடைக்கப்போவதில்லை.

"வேண்டாங்க," என்றேன். "ஒரு தடவை காட்டிட்டா அப்புறம் நீங்க எப்ப வந்தாலும் உங்களுக்கு அது மட்டுந்தான் தெரியும். புல்லு தெரியாது."

அவர் என்னையே பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார்.

"ஒட்டுப் போட்ட திரைய விக்கறப்ப நானும் இதத்தான் சொல்லுவேன்," என்றார். "என் வார்த்தைய என்கிட்டயே விக்கிற."

பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "மூணு வருஷம் எழுதிக்கலாம். சந்துல இருக்கிறது இருக்கட்டும், பிடுங்க வேண்டாம். துணி காயப்போடுற இடந்தானே. ஏம்மா, இனிமே சட்டியில தீப்பிடிச்சா மூடியப் போட்டு மூடு. தூக்கிக்கிட்டு ஓடாத."

"ஓட மாட்டேங்க," என்றார் அக்கா. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. படல் சாத்தப்பட்ட சத்தம் கேட்கும் வரை அப்படியே நின்றார். பிறகு, "மாமா!" என்று கத்திக்கொண்டு திரும்பினார். "மாமா, மூணு வருஷம்! கேட்டுச்சா? மூணு வருஷம் இருக்கச் சொல்லிட்டாரு!"

மாமனார் வராந்தாவில் இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக்குப் பின்னால், எப்போது கிளம்பினாரோ தெரியவில்லை, நடை வண்டியைத் தள்ளிக்கொண்டு புல்லின் மேல் வந்துகொண்டிருந்தார். வண்டிச் சக்கரங்கள் சாக்கடை மூடியின் ஓரமாக, நான் ஒட்டிய துண்டின் நீளக் கை மேலாகவே உருண்டு வந்தன. இழுக்கும் கால் ஓரத்தைத் தொட்டது, தடுக்காமல் தாண்டியது.

"பதினாறு," என்றார் அவர், எங்களைப் பார்க்காமல். "நடுவுல பேசாத, எண்ணிக்கை விட்டுப்போயிடும்."